கப்பல் நேரம், அண்ணி நேரம்

எங்கள் ஆட்களிடம் நேரம் சொல்வதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் பல வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவன் நான். 'மாலை மணி ஏழுக்கு' என்று தங்க எழுத்தில் போடச் சொல்லிவிட்டுப் போகிற பெண்ணின் தகப்பனாரே எட்டரைக்குத்தான் மண்டபத்துக்குள் நுழைவார். ஏழு என்று போட்டால்தான் எட்டரைக்காவது வந்து சேருவார்கள் என்பது அவர் கணக்கு. ஏழு என்று போட்டிருந்தால் எட்டரைக்குத்தான் ஆரம்பிப்பார்கள் என்பது விருந்தாளிகளின் கணக்கு. பத்திரிகையை நம்பி ஏழு மணிக்கே போய், காலி நாற்காலிகளோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரே முட்டாள் நான். அச்சடித்த பாவத்துக்கு அது எனக்கு வேண்டியதுதான்.

இந்தப் பொய்யை வைத்து உருப்படியாகப் பிழைத்தவர் என்று பார்த்தால் என் அண்ணி வலேரி ஒருவர்தான்.

அண்ணி கிள்ளானில் வேன் ஓட்டுகிறார். முதலில் பள்ளிக்கூட வேன். பிள்ளைகள் வளர்ந்து, தெருவுக்கு நாலு வேன் வந்த பிறகு, போர்ட் கிள்ளானில், பூலாவ் இண்டாத் துறைமுகத்தில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களின் பயணிகளை ஏற்றத் தொடங்கினார். காலையில் கப்பல் கரைக்கு வரும், சாயங்காலம் போய்விடும். அதற்குள் அவர்களுக்குப் பத்துமலையைக் காட்டி, பிரிக்பீல்ட்ஸில் வாழை இலையில் சோறு வாங்கிக் கொடுத்து, இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. நேரம் தவறினவர் கரையில் நின்று கையை ஆட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கப்பலுக்கென்று தனி நேரம் இருக்கிறது. தாய்லாந்துப் பக்கமிருந்து வரும் கப்பல், ஒரு பகல் நிற்பதற்காகக் கடிகாரத்தை எதற்குத் திருப்புவது என்று சில சமயம் அந்த ஊர் நேரத்தையே வைத்துக்கொண்டு வந்து நிற்கும். கப்பலில் பத்து மணி என்றால் நம் கரையில் பதினொன்று. ஆஸ்திரேலியாப் பக்கமிருந்து வருவது நம்மைவிட முன்னால் ஓடினாலும் ஓடும். அப்போதுதான் ஆபத்து.

ஆரம்பத்தில் அண்ணிக்கு இது தெரியாது. பத்துமலையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் "பன்னிரண்டு மணிக்கு வேனுக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். பன்னிரண்டுக்கு ஆளைக் காணோம். பன்னிரண்டரைக்கும் காணோம். படியிலிருந்து விழுந்தார்களோ, குரங்கு கடித்ததோ என்று பதறி, அங்கே நின்ற போலீஸ்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினால், இருவரும் இளநீரை உறிஞ்சிக்கொண்டு சாவகாசமாக நடந்து வருகிறார்கள். அவர்கள் கைக்கடிகாரத்தில் அப்போதுதான் பன்னிரண்டு.

மறுநாளே அண்ணி, எதை எடுத்தாலும் இரண்டு ரிங்கிட் என்கிற கடையில் இரண்டு சின்னக் கடிகாரம் வாங்கி வேனின் முன்பக்கத்தில் ஒட்டினார். ஒன்று கரைக்கு, ஒன்று கப்பலுக்கு. ஆள் ஏறியதும் முதல் கேள்வி, "கப்பல் நேரமா, நம்ம நேரமா?" அதற்கு மேலும் ஒரு வேலை செய்வார். பயணிகளுக்கு உண்மையான நேரத்தைச் சொல்லவே மாட்டார். நாலு மணிக்கு ஏற வேண்டும் என்றால் மூன்று என்பார்.

"என் வேன்ல வந்தவங்க ஒருத்தரும் கப்பலுக்கு ஓடினதில்ல தம்பி. நடந்துதான் போவாங்க. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே போவாங்க" என்பார் என்னிடம். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் என் அண்ணன் கிளாரன்ஸ். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு பதினேழு என்றால் ஆறு பதினேழு. ஆறேகால் என்றுகூடச் சொல்ல மாட்டார். ஏழு மணிப் பூசைக்கு அண்ணி "ஆறரை" என்று வீட்டில் அறிவிப்பார். அண்ணன் மாதா கோயில் அறிவிப்புத் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்து, "ஏழுன்னு போட்டிருக்கு" என்பார். அதோடு ஞாயிற்றுக்கிழமை சண்டை ஆரம்பிக்கும். "கெட்டிக்காரத்தனமா இருக்கலாம் வலேரி, ஆனா அது பொய்" என்று அண்ணன் ஒரு தடவை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணி ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இவர்களுக்கு ஒரே மகன் ரேமண்ட். கப்பலில் சமையல்காரன். அவனையும் ரயில்வேயில் சேர்த்துவிட வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். அவன் கேட்கவில்லை. தொலைபேசியில் அழைத்தால் அண்ணன், "சாப்பிட்டியா? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று முடித்துவிடுவார். அவன் இந்த முறை கப்பல் ஏறிப் போன சில மாதத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வேட்டைக்காரன் மாதிரி நடந்த மனிதர் சுவரைப் பிடித்து நடந்தார். மகன் அதை நேரில் பார்க்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் கேட்பான். நானும் "பரவால்ல லா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் வெறுப்பாகிவிட்டது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ரேமண்ட் வேலை செய்யும் கப்பல் ஒரே ஒரு பகல் போர்ட் கிள்ளானில் நிற்கப்போகிறது. அதன் பிறகு ஐரோப்பா. எப்போது திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. சமையலறையில் ஒரு நண்பனிடம் வேலையை மாற்றிக்கொண்டு இறங்கி வருகிறானாம். அண்ணனை இன்னொரு தடவை பார்ப்பானா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது.

கெட்ட நேரம், அது அண்ணனின் டயாலிசிஸ் நாள். காலை பத்திலிருந்து இரண்டு வரை. வேறு நாள் கேட்டுப் பார்த்தோம், இடம் இல்லை என்றுவிட்டார்கள். பரவாயில்லை, எட்டு மணிக்குக் கப்பல் கரைக்கு வந்துவிடும், ஒன்பதுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான், ஒரு மணி நேரமாவது அப்பாவோடு இருப்பான் என்று சமாதானப்படுத்திக்கொண்டோம். அண்ணி அன்று சவாரியை மறுத்துவிட்டார். கப்பல் நாளில் அவர் சவாரி எடுக்காதது அதுதான் முதல் தடவை.

"எத்தனை மணிக்குடா திரும்ப ஏறணும்?" என்று முந்தின நாளே தொலைபேசியில் மகனைக் கேட்டிருக்கிறார்.

"செஃப் ரெண்டுக்கு வரச் சொல்லிட்டாரும்மா."

"கப்பல் நேரமா, நம்ம நேரமா?"

"கப்பல் நேரம். நமக்கு மூணு."

மூன்று என்று கேட்டுக்கொண்ட அண்ணி எங்கள் எல்லாரிடமும் வந்து சொன்னது, "ரெண்டு."

அன்று கப்பல் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. ஆனால் குடிநுழைவுச் சோதனையில் தாமதம். பயணிகள் இறங்கின பிறகுதான் வேலையாட்கள். ஒன்பதரைக்கும் ரேமண்ட் வெளியே வரவில்லை. துறைமுகத்தில் காத்திருந்த அண்ணி எனக்கு அழைத்து, "அவரைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க தம்பி" என்றார். அண்ணன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"மெஷின் பத்து மணிக்கு. என்னால அடுத்தவனுக்கு லேட் ஆகக்கூடாது" என்றார்.

"ரேமண்ட் வர்றான்ணே. கொஞ்சம் பொறுங்க."

"பத்துன்னா பத்துதான்டா."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். ஆனால் காரில் ஏறின பிறகு தெரு முனை வரைக்கும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதினொன்றுக்கு ரேமண்ட் நேராக டயாலிசிஸ் நிலையத்துக்கே வந்தான். உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நாற்காலியில் குழாயோடு அண்ணன். போனபோது பார்த்த அப்பாவில் பாதிதான் இருந்தார். ரேமண்ட் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அண்ணன் குழாய் இல்லாத கையைத் தூக்கிக் காட்டி, வீட்டுக்குப் போ, சாப்பிடு என்று சைகை செய்தார்.

"முடிஞ்ச உடனே நேரா போர்ட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா சித்தப்பா?" என்று கேட்டான்.

அண்ணிதான் பதில் சொன்னார். "ஊசி எடுத்த உடனே எழுந்தா தலை சுத்தும்டா. அரை மணி உட்காரணும். அப்புறம் ரோட்டுல கண்டெய்னர் லோரி. உனக்கு லேட் ஆயிடும், வேலை போயிடும்."

அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சாப்பிட்டானாம். ஒரு மணிக்கெல்லாம் அண்ணி அவனை வேனில் ஏற்றிவிட்டார். நான் நிலையத்தின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நேரத்தைக் கண்டுபிடித்தவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு அண்ணன் மெஷினிலிருந்து எழுந்தார். "போயிட்டானா?" என்றார். "போயிட்டான்ணே" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது என் தொலைபேசி அடித்தது. அண்ணி.

"தம்பி, அவரைக் கூட்டிட்டு வாங்க! நாலு மணி வரைக்கும் இருக்காம்!"

நடந்தது இதுதான். அன்று சாலை காலியாக இருந்ததால் இரண்டுக்கு முன்பே துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாசலில், கரையைச் சுற்றிவிட்டுத் திரும்பிய சக சமையல்காரன் ஒருவன் ரேமண்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். இப்போதே ஏன் வந்தாய், கப்பல் நேரம் மூன்று வரை இருக்கிறதே, செஃப் எப்போதும் ஒரு மணி முன்னால்தான் சொல்வார், இல்லையென்றால் நாம் எல்லாம் தாமதமாக வருவோம் என்று பயம் அவருக்கு என்றானாம். கப்பலின் மூன்று நமக்கு நாலு. ஆக, செஃப் ஒரு மணி நேரத்தை ஒளித்துவைத்தார். அண்ணி அதன் மேல் இன்னொன்றை ஒளித்துவைத்தார்.

"அண்ணி, இது நெசமான நாலா, உங்க நாலா?" என்றேன்.

"மாதா மேல சத்தியமா நெசமான நாலு. சீக்கிரம் வாங்க லா!"

அண்ணனிடம் சொன்னேன். வழக்கமாக அரை மணி சாய்ந்து கிடப்பவர் பஞ்சின் மேல் பட்டையை ஒட்டச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். தாதிதான் அதட்டி உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, கொஞ்ச நேரம் கழித்து விட்டாள். பூலாவ் இண்டா சாலையில் நான் ஓட்டின ஓட்டத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். அண்ணன் ஒரு தடவைகூட மெதுவாகப் போகச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்தோம். வாசலுக்கு வெளியே மர நிழலில் வேன் நின்றது. ரேமண்ட் ஓடி வந்து அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வேனின் பின் இருக்கையில் உட்காரவைத்தான். பிறகு அவன் பையிலிருந்து ஓர் ஆப்பிளையும் சின்னக் கத்தியையும் எடுத்தான்.

"ஆப்பிள் நீங்க சாப்பிடலாம்பா. வாழைப்பழம்தான் கூடாது. நான் எல்லாம் படிச்சுட்டேன்."

"அப்படியா" என்றார் அண்ணன். எங்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான். புதிதாகக் கேட்பவர் மாதிரி கேட்டார்.

அவன் தோலை அறாமல் ஒரே நாடாவாகச் சீவினான். அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கப்பலில் ஒரு நாளைக்கு எத்தனை முட்டை உடைப்பீர்கள் என்று கேட்டார். கடல் கொந்தளித்தால் அடுப்பில் சட்டி எப்படி நிற்கும் என்று கேட்டார். ரேமண்ட் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணி ஓட்டுநர் இருக்கையில் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேரம் போனது. ரேமண்ட் சட்டென்று நிமிர்ந்தான். சமையலறையில் கடிகாரம் கட்டக்கூடாது என்பதால் அவன் கையில் கடிகாரம் கிடையாது. தொலைபேசி முன்னால் சார்ஜில் இருந்தது.

"அப்பா, மணி என்ன?"

அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில்வேக் காலத்திலிருந்து கட்டியிருக்கும் அது ஒரு நாளும் பிசகினதில்லை. நிதானமாகப் பார்த்தார்.

"மூணரை" என்றார்.

நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால். வாய் திறக்கப் போனவன் அண்ணியைப் பார்த்தேன். அவர் வேனின் பின்பார்வைக் கண்ணாடியில் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துவாலையை எடுத்து, முன்னால் ஒட்டியிருந்த இரண்டு கடிகாரங்களும் மறையும்படி போட்டார். அவற்றை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறவர் மாதிரி.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு" என்று ரேமண்ட் இன்னொரு துண்டு ஆப்பிளை நறுக்கி அப்பாவிடம் கொடுத்தான். அண்ணன் அதை மெதுவாக, மிக மெதுவாகச் சாப்பிட்டார்.

பிறகு அண்ணிதான் எஞ்சினைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுபோனார். ரேமண்ட் தொலைபேசியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா!" என்று கத்தினான். அண்ணன் அவன் தலையைப் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டு, "ஓடுடா" என்றார்.

ஓடினான். பை முதுகில் குதிக்க, வாசலில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே ஓடினான். ஏறியும்விட்டான். அண்ணியின் வேனில் வந்து கப்பலுக்கு ஓடின ஒரே ஆள் அவன்தான். அதை இப்போதும் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் அண்ணி அடுத்த பேச்சுக்குப் போகிறார்.