மெதுவாகப் பேசும் பாய்

கொடைக்கானல் பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அந்த பாய், சீசனிலும் குரங்குக் குல்லாயைக் கழற்றமாட்டார். வடநாட்டு டூரிஸ்ட்களிடமும் தமிழில்தான் பேசுவார். என்ன, ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, உரக்கச் சொல்வார். அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது என்பது அவர் நம்பிக்கை.

ஒருநாள் என் கையடக்க வீடியோ கேமை யு.எஸ்.பி. சீரியல் கேபிளால் அவருடைய கம்ப்யூட்டரில் இணைத்தேன். ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுதிய புரோகிராம், கேமிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' என்று அனுப்ப வேண்டும். திரையில் வந்ததெல்லாம் கட்டமும் கேள்விக்குறியும்தான். எங்கள் ஊர் பூம்பாறைக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரம் வேறு.

பாய் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குப் புரியலையா தம்பி? வெரசா பேசுனா எப்படிங்க புரியும்? மெதுவா, சத்தமா பேசிப் பாருங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் கேபிளின் வேக செட்டிங்கைத் திறந்தேன். கேம் நிதானமாக அனுப்புவதை, கம்ப்யூட்டர் அவசர அவசரமாகப் படித்துக்கொண்டிருந்தது. அதன் வேகத்தைக் குறைத்தேன். 'வணக்கம்' வந்துவிட்டது!

"நான் சொன்னேன்ல?" என்றவர், கேமின் பக்கம் குனிந்து, "வ... ணக்... கம்!" என்று கடை அதிரப் பதில் சொன்னார்.

இன்றும் எந்தக் கருவி முரண்டுபிடித்தாலும் முதலில் வேகத்தைத்தான் குறைக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால், பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிப்பார்க்கிறேன்.