நின்றுபோன கல்யாணத்துக் கத்தரிக்காய்

பிள்ளைகளா, நம் தெரு அடிகுழாய்ப் பக்கத்தில், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறதே, அதில் வைத்த காயை யாரும் தொடாமல் நின்ற ஒரு மத்தியானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொன்னதில்லை. போன ஆவணி மாதம், இதே புதுக்கோட்டையில், நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் நடந்தது.

கட்டில் விஷயம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். சந்தை கலைகிற நேரத்தில், விற்காமல் போன காய்களை வியாபாரிகள் குப்பையில் கொட்டுவதற்குள் ஏற்றிக்கொண்டு வந்து கட்டிலில் பரப்புவேன். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு முருங்கையில் காய் பறித்தவர், கறிவேப்பிலை ஒடித்தவர் கொண்டுவந்து வைக்கலாம். யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வைக்கிறவர், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். சாப்பிடுகிற பொருள் அல்லவா.

அன்று காலையில் வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். முதல்நாள்தான் அவர் மகள் கல்யாணத்துக்குப் பரங்கிக்காய், வாழைக்காய், வாழை இலை கொண்டுபோய் இறக்கியிருந்தேன். திரும்பப் போனால் வாசலில் பந்தல் நிற்கிறது, மைக்செட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் வரமாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அரிசி, பருப்பைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். காயை எவர் எடுப்பார்?

“தம்பி, இதையெல்லாம் எங்கிட்டாவது கொண்டுபோய்க் கொட்டிருங்க. வாசல்ல கெடக்குறதப் பாத்துப் பாத்து எம்மக அழுகுது.”

“கொட்ட மாட்டேங்க. எங்க தெருவுல வைக்கிறேன். நாலு வீட்டுல சாப்பிடுவாங்க.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “நின்ன கல்யாணத்துக் காய எவன் தொடுவான்? இனி எம்புள்ளையவே எவன் வந்து கேப்பான்?”

“அதையும் பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டு மூட்டைகளை ஏற்றினேன்.

கத்தரிக்காய், பரங்கிக்காய், வாழைக்காய், கட்டுக் கட்டாக வாழை இலை. கட்டில் கொள்ளவில்லை, கீழே சாக்கை விரித்துப் பரப்பினேன். பையோடு பெண்கள் வந்து நின்றார்கள். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கால் மணி நேரத்தில் காலியாகியிருக்கும். ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். சொன்னேன்.

நீட்டிய கை எல்லாம் பின்னால் போய்விட்டது.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற எதிர்வீட்டம்மா, எடுத்த பரங்கிக்காயை மெதுவாகத் திரும்ப வைத்தார். “தப்பா நெனைக்காதீங்கண்ணே. வீட்டுல நல்ல காரியம் வச்சிருக்கு.”

டீக்கடைக்காரர் கடையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். “மாப்ள, மொதல்ல இத நாலு டயருக்கும் வச்சு நசுக்கு. பொறவு ஊருக்குச் சோறு போடலாம்.”

அவரோடு வாதாட மனமில்லை. பழத்தை வாங்கி வண்டி சீட்டில் போட்டேன். உங்கள் அம்மாகூட வாசலிலேயே நின்றாள். வீட்டில் ஒரு பெண் வளர்கிறாள் அல்லவா, அவள் பயம் அவளுக்கு. எனக்குக் காய் வாடுகிறதைவிட, “எவன் தொடுவான்” என்று அந்த மனிதர் சொன்னது பலித்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. சாயங்காலம் சாக்கைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அந்த வீட்டில் என்ன சொல்வேன்?

அப்போதுதான் தையல்கார அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்காரரை இழந்தவர். தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். கல்யாணத்தன்று பந்தலுக்கு வெளியே நிற்பார். நேராக எதிர்வீட்டம்மாவிடம் போனார்.

“ஏத்தா, ஒம் மக முகூர்த்த ரவிக்கை எங்கிட்டதானே குடுத்திருக்க?”

“ஆமாக்கா.”

“தாலி அறுத்தவ தச்ச ரவிக்கை ஆகும். கத்தரிக்காய் ஆகாதாக்கும்?”

அக்கா உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகக் காம்பைப் பார்த்து முந்தானையில் போட்டார். “வரமாட்டேன்னது மாப்பிள்ளை. இது என்ன பண்ணுச்சு பாவம். நேத்துப் பறிச்ச காய், இன்னும் முள்ளு குத்துது.”

யாரோ சிரித்தார்கள். எதிர்வீட்டம்மா, தான் வைத்த பரங்கிக்காயைத் திரும்பவும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எடுத்தார்கள். உங்கள் அம்மாவும் வந்தாள். டீக்கடைக்காரர் வாழைக்காயைத் தூக்கிப் பார்த்து, “பஜ்ஜிக்கு நல்லா வரும்” என்றார்.

“கடைக்குக் கெடையாது, வீட்டுக்குத்தான்” என்றார் அக்கா. “மொதல்ல டயருக்கு வச்சு நசுக்கிட்டு எடு.”

சாயங்காலம் காலிச் சாக்குகளை மடித்து வண்டியில் வைத்தபோது அக்கா ஒரு டிபன் கேரியரை நீட்டினார். “அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது. குடுத்துட்டு வா.” அடி அடுக்கில் சோறு, நடு அடுக்கில் கத்தரிக்காய்க் குழம்பு. மேல் அடுக்கில் பரங்கிக்காய்க் கூட்டு. அது எதிர்வீட்டு அடுப்பில் வெந்தது.

பந்தலைப் பிரித்திருந்தார்கள். அந்த மனிதர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் சாக்கை உதறிக் காட்டினேன். ஒரு காம்புதான் விழுந்தது. கேரியரைக் கையில் கொடுத்து, தெருவில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவர் மகள் உள்ளேயிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“கத்தரி எங்க கொல்லைக் காய்ங்க. நாந்தான் பறிச்சேன். முத்தலா இருந்துச்சா?”

“இல்லம்மா. வெண்ணெயா வெந்திருக்கு. சாப்பிட்டுப் பாரு.”

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு, “அப்பா, தட்டு கொண்டாரேன், ஒக்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் புறப்பட்டேன்.

கொடுப்பதற்கு வண்டியும் காயும் இருந்தால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதலில் கை நீட்டி வாங்கிக்கொள்கிறவருக்குத்தான் கொடுக்கிறவரைவிடத் தைரியம் வேண்டும் என்பதை எட்டாவது வரை படித்த எனக்கு அக்காதான் காட்டினார். நாளைக்கு உங்கள் தட்டுக்கோ, உங்களுக்கோ யாராவது சகுனம் பார்த்தால், அந்த அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். கட்டில் பக்கம் ஆளில்லை. சீட்டில் உருண்டுகொண்டிருந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து, சட்டையில் துடைத்து, “டீக்கடையிலிருந்து” என்று காலிக் கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதில் வைத்தேன்.