செம்மலை ஓட்டிய ரொட்டி வண்டி

அறுபதுகளில் காரைக்குடி செக்காலை ரோட்டுச் சிவசங்கரனின் ரேடியோக் கடை வண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. மூக்கு நீண்டு, பின்பக்கம் மரக்கூண்டு கட்டிய பழைய சீமை வண்டி. உடம்பெல்லாம் மஞ்சள் பெயின்ட். இரண்டு பக்கமும் பெரிய ரேடியோ ஒன்றை வரைந்து, அதிலிருந்து பாட்டு மின்னல் மின்னலாகக் கிளம்புவது போல் போட்டிருப்பார்கள். ஓட்டியவன் செம்மலை. வண்டி தெருவுக்குள் நுழைந்தால் எந்த வாசலில் நிற்கப்போகிறது என்று தெருவே எட்டிப் பார்க்கும். நின்ற வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தலைகால் புரியாது.

அந்த வண்டி ரேடியோக் கடைக்கு வருவதற்கு முன்னால் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்காகப் பிணம் ஏற்றிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் செம்மலையின் கதையைச் சொல்ல முடியாது. செம்மலையோ இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போதும் அவன்தான் டிரைவர். வண்டி ஏலத்துக்கு வந்தபோது சிவசங்கரன் அடிமாட்டு விலைக்கு எடுத்தார். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் செம்மலையின் கைக்கு மட்டுமே கிளம்பும் வண்டி அது. அதனால் அவனையும் சேர்த்தே காரைக்குடிக்குக் கூட்டி வந்துவிட்டார். பெயின்ட் காய்ந்ததும் தனியாக அழைத்துச் சொன்னார்.

"யாராச்சும் கேட்டா, மதுரையில ரொட்டிக் கம்பெனி வண்டியா இருந்துச்சுன்னு சொல்லிரு. உள்ள கெடக்குற இரும்புப் பட்ட ரொட்டித் தட்டு தள்ளுறதுக்கு. வெளங்குதா?"

கூண்டுக்குள் தரையோடு தரையாக இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதற்காகப் போட்டவை. ஒரு பக்கம், கூட வருகிறவர்கள் உட்கார ஒரு மடக்குப் பலகை. மற்ற எல்லாவற்றையும் பெயின்ட் மறைத்துவிட்டது, அந்தப் பட்டைகளை மட்டும் மறைக்க முடியவில்லை. ரேடியோப் பெட்டிகள் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்துச் சிவசங்கரன் சந்தோஷப்படுவார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

புது ரேடியோ வந்தால் வீடுகளில் வண்டிக்கே ஆரத்தி எடுத்தார்கள். பானட்டில் குங்குமம் வைத்தார்கள், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். முதல் சில மாதங்கள் செம்மலைக்கு உடம்பு கூசியது. நல்ல காரியத்துக்கு இப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பாயசமும் வாங்கிக் குடிக்கிறோமே என்று தலையைக் குனிந்துகொள்வான். பிறகு பழகிவிட்டது. பொய்யும் வாயில் சரளமாக வந்தது.

கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூரையில் மூங்கில் நட்டு ஏரியல் கட்டி, பெட்டியை மேஜையில் வைத்ததும், செம்மலை குமிழைக் காட்டி, குரலை உயர்த்தி, "வீட்டுக்குப் பெரியவுக வந்து திருகுங்க" என்று கூப்பிடுவான். அந்த வீட்டுப் பெண்களில் மூத்தவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். எந்த மாமனாரும் எந்தக் கொழுந்தனும் அதில் குறுக்கிட்டதில்லை. கடைக்காரன் கூப்பிட்டால் கூப்பிட்டதுதான். ஊர் வாயை அடைக்கிற அதிகாரம் அந்த ஒரு வாக்கியத்துக்கு இருந்தது.

அறுபத்தெட்டில், வலையபட்டியில் விவசாயக் குடும்பம் ஒன்றில் கல்யாணம். பெண்ணின் பெரியப்பா பெரியகருப்பன்தான் எல்லாம் முன்னின்று நடத்தினார். சீரோடு வைக்க ஒரு ரேடியோ. பரப்பி வைக்கிற சீரை ஊரே வந்து பார்க்கும் என்பதால் வண்டி மேளத்தோடு வந்து சேர்ந்தது. பெரியகருப்பனின் மனைவி காளியம்மாள் தாம்பாளத்தோடு நின்றாள்.

"மெதுவா ஓட்டியாந்தீகளா? பொட்டி குலுங்கலயே?"

"குலுங்கல ஆத்தா."

அவள் பானட்டில் குங்குமம் வைத்து ஒரு முழம் மல்லிகையையும் சுற்றினாள். செம்மலை பின்கதவைத் திறந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உள்ளே தலையை நீட்டினார்.

"இதென்ன, தண்டவாளம் மாதிரி?"

"ரொட்டித் தட்டு தள்ளுறதுக்குங்க. முன்ன இது மதுரையில ரொட்டி வண்டி."

அவர் நகரவில்லை. மடக்குப் பலகையைத் தட்டிப் பார்த்தார். "ரொட்டி வண்டியில உக்கார எதுக்குப் பலக? நான் மதுரையில இப்பிடி ஒரு வண்டியப் பாத்துருக்கேன். வேற சோலிக்கு ஓடுச்சு அது."

செம்மலை அவசரமாகப் பெட்டியைப் பிடித்து இழுத்தான். மணமேடை கட்டிய வாசலில் பிண வண்டி என்று ஒரு சொல் விழுந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். பெண்ணின் வாழ்க்கை போகும், கடையின் பேர் போகும், அவன் பிழைப்பும் போகும்.

"ரொட்டி வண்டிதான்" என்றது ஒரு பெண் குரல். "மதுரையில ரொட்டிக் கட வாசல்ல நிக்கும். நானே பாத்துருக்கேன். வேல ஆளு உக்காந்து வருவாக."

நிலைக்கதவை ஒட்டி வெள்ளைச் சேலையில் ஒருத்தி நின்றாள். பெரியவர் திருப்தியாகி நகர்ந்துவிட்டார். செம்மலை மட்டும் அந்தக் குரலிலேயே நின்றுவிட்டான்.

இந்தக் குரல் ஒருமுறை அதே பலகையில் உட்கார்ந்து, மதுரையிலிருந்து, அப்போது அவள் குடியிருந்த செக்காலை வரைக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கிறது. வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசியது. 'மெதுவா ஓட்டுங்க, அவுகளுக்கு வலிக்கும்.' அவுக என்றது செத்துப்போன புருஷனை. தெருமுனையில் இறக்கிவிட்டு வந்தவன் அவள் பேரைக்கூடக் கேட்டதில்லை.

பேரைக் காளியம்மாள் சொன்னாள். "மீனாள், நீ எதுக்கு வாசலுக்கு வந்த? நல்ல காரியம் நடக்குற எடம். பொண்ணப் பெத்தவ நீயே இது தெரியாம வந்து நின்னா எப்பிடி? உள்ள போ."

மீனாள் உள்ளே போனாள். புருஷன் போன பிறகு பெண்ணோடு மூத்தார் பெரியகருப்பன் வீட்டில் ஒண்டியிருப்பவள் வேறென்ன செய்வாள்? அவளுடைய புருஷனைச் சுமந்த வண்டி குங்குமமும் பூவுமாக வாசலில் நின்றது. அதில் கூட வந்த குற்றத்துக்கு அவள் அடுப்படிக்குப் போனாள்.

ஏரியல் கட்டி முடித்து, பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே ரேடியோவை வைத்தான். எல்லாரும் கூடி நின்றார்கள். அவன் கூப்பிட வேண்டிய நேரம். பெண்ணைப் பெத்தவுக வந்து திருகுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடை வழக்கம் என்று பெரியகருப்பனும் பேசாமல் இருந்திருப்பார். செம்மலைக்கு அது தெரியும். ஆனால் அவளை வெளியே கூப்பிட்டால் அந்தப் பெரியவர் மறுபடி அவளிடம் வண்டியைப் பற்றிக் கிளறுவாரோ என்ற பயம் முந்திக்கொண்டது. தன்னைக் காப்பாற்றியவளைக் கண்டு பயந்தான்.

"யாராச்சும் திருகுங்க" என்றான்.

காளியம்மாள் திருகினாள். வால்வு சூடேறிப் பாட்டு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அத்தனை பேரும் வாயடைத்து நின்ற அந்த நேரத்தில் அடுப்படி வாசலில் ஒரு வெள்ளை முந்தானை தெரிந்தது. அப்போதுகூட அவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திருச்சி நிலையத்து நாதஸ்வரம் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு வேட்டி துண்டு வைத்துத் தாம்பூலம் கொடுத்தார்கள். அதையும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டான்.

அந்த வேட்டியை அவன் கட்டவே இல்லை. வலையபட்டிப் பக்கம் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனான். பிறகு எத்தனையோ வீடுகளில், மூலையில் ஒதுங்கி நிற்கும் ஒரு வெள்ளைச் சேலையைக் கூப்பிட வேண்டும் என்று வாய் வரை வரும். வந்தது அப்படியே உள்ளே போய்விடும். தன்மேல் அவனுக்கே மரியாதை இல்லாமல் போயிற்று.

எழுபத்து நாலில், புதுவயலிலிருந்து ஒரு பழைய ரேடியோ கடைக்கு வந்தது. அனுப்பியவள் வீட்டில் டிரான்சிஸ்டர் வாங்கிவிட்டார்களாம். இதைச் சரிபண்ணி வலையபட்டியில் அம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள். அம்மா பேர் மீனாள். அன்று சீரில் வைத்த அதே ரேடியோ. சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

மூத்தார் வீட்டை ஒட்டிய தனிச் சார்ப்பில் அவள் இருந்தாள். முடி நரைத்திருந்தது. "வாங்க தம்பி" என்றாள். செம்மலை ஏரியலைக் கட்டினான். ரேடியோவை மர ஸ்டூலில் வைத்து, வயரைச் சொருகினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"வீட்டுக்குப் பெரியவுக வந்து திருகுங்க."

மீனாள் அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க நா ஒருத்திதான தம்பி இருக்கேன். இப்ப எதுக்குக் கூப்புடுறீக? அன்னைக்குக் கூப்புட்டுருக்கணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குமிழைத் திருகினாள். உள்ளே பச்சை விளக்கு மெல்ல எரியத் தொடங்கியது. இருவரும் பாட்டுக்காகக் காத்து நின்றார்கள்.

எந்த வீட்டிலும் பாட்டு வந்த பிறகுதான் செம்மலை புறப்படுவான். அன்றைக்கு அதற்குள் வெளியே வந்து, ஹேண்டிலைப் போட்டு வண்டியைச் சுற்றத் தொடங்கிவிட்டான்.