ஒன்றேகால் அங்குலம்

வெள்ளிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் தோசைக்குக் காத்திருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் மகள் அனிதா அழைத்தார். "அங்கிள், அம்மா போயிட்டாங்க." கொஞ்சம் அழுது ஓய்ந்தபின் சொன்னார்: "நாளைக்குக் கிள்ளான்ல அடக்கம். அம்மா சைக்கிளும் வரணுமாம். லோரியில ஏத்தக்கூடாதாம். நீங்கதான் ஓட்டிட்டு வரணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

ஸ்டெல்லா அக்கா ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். தந்தை விட்டுச்சென்ற பழைய சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். ஞாயிறு பூசை முடிந்தால் அதிலேயே கிள்ளானுக்கும் போவார். வாயாடுவதில் நான் அவருக்குச் சளைத்தவன் அல்ல. டயர் விஷயத்தில் மட்டும் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

என்னிடமும் அதே காலத்து, அதே சக்கர அளவுச் சைக்கிள் ஒன்று உண்டு. அதற்கு முதன்முதலில் நான் வாங்கிவந்தது எழுநூறு என்று போட்ட டயர். பார்வைக்கு என் இருபத்தேழு அங்குலச் சக்கரத்துக்கே செய்ததுபோல் இருந்தது. ஏற்ற முயன்று இரண்டு நெம்புகோல்களை உடைத்தேன், கட்டைவிரல் தோலும் உரிந்தது. அக்கா வந்து பார்த்தார்.

"பெரிய நம்பர நம்பாதீங்க சந்திரன். பக்கத்துல பொடியா போட்டிருக்கான் பாருங்க. உங்க ரிம் அறுநூத்தி முப்பது, இது அறுநூத்தி இருபத்திரண்டு. எட்டு மில்லி சின்னது. பைபிள்ல வர்ற பலசாலி சிம்சோனே வந்தாலும் ஏறாது லா."

பிறகு ஓர் அங்குல டயர் வாங்கி, கல்லுபோல் காற்றடித்துக்கொண்டு அவரோடு கேரி தீவுக்குப் போனேன். மெல்லிய டயர்தான் வேகம் என்பது என் கட்சி. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இரண்டு முறை பஞ்சர். ஒன்றேகால் அங்குலத்தில் அளவாய்க் காற்றடித்திருந்த அக்கா, நிழலில் நின்று கொய்யா தின்றுகொண்டிருந்தார். "பழைய ரிம்முக்கு இவ்வளவு காத்து ஆகாது. பெருவிரல வச்சா கொஞ்சம் அமுங்கணும். ரோட்டோட அடி எல்லாத்தையும் உங்க முதுகே வாங்கணுமா? டயரும் கொஞ்சம் வாங்கட்டும்." நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமலே பல வருடம் சேர்ந்து ஓட்டினோம்.

அக்கா கடைசி ஓராண்டாகப் படுக்கையில் இருந்தார். அனிதா அழைத்த கையோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சைக்கிளை இறக்கிப் பார்த்தால், இரண்டு டயரும் காய்ந்து வெடித்துக் கிடந்தன. என் வீட்டில் புது மெல்லிய ஜோடி இருந்தது. அரைமணி நேர வேலை. ஆனால் அதை மாட்டி, பஞ்சராகி வழியில் நின்றால் அடக்கத்துக்குப் போய்ச்சேர முடியாது. போய்ச்சேர்ந்தாலும் அக்கா எழுந்து உட்கார்ந்து திட்டுவார்.

ஒன்றேகால் அங்குல டயர் தேடிப் போனேன்; செலாயாங்கில் கிடைக்கவில்லை. ரவாங்கில் ஒரு கடைக்காரர் தூசி தட்டி ஒரு ஜோடியை நீட்டினார். "எல்லாம் ஒரே சைஸ்தான் பாஸ், இழுத்தா ஏறும்." கண்ணாடியைப் போட்டுப் பொடி எழுத்தைப் படித்தேன். அறுநூற்று இருபத்திரண்டு. "ஏறாது பாஸ், எட்டு மில்லி சின்னது" என்று திருப்பிக் கொடுத்தேன். மனிதர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, பரண் ஏறிச் சரியானதை எடுத்துவந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். ஷா ஆலம் தாண்டியதும் மழை. சாக்கடை மூடிய கம்பிகள், உடைந்த தார், லோரிகள் சிந்திய ஜல்லி எல்லாவற்றின்மேலும் அந்தச் சைக்கிள் அலட்டாமல் போனது. அழுதுகொண்டே ஓட்டினேன், ஆனால் ஒருமுறைகூடப் பயப்படவில்லை. முதுகும் வலிக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சவ வண்டிக்கு முன்பே கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியை இறக்கும்போது சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி, முன்சக்கரத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினேன்.

"கொஞ்சம் அமுங்குது அக்கா. நீங்க சொன்னதுதான் சரி. போய்ட்டு வாங்க."