கிடாக்கறிக்கு எரிந்த பேட்

சென்றாயனுக்கு மறதி கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால் நான் அவனோடு ஒரே டீமில் ஆடியவன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

புதுச்சத்திரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவனுக்குத் தச்சு வேலை. மாலை நாலு மணிக்கு மேல் பட்டறையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் கிரிக்கெட் பேட் பழுது பார்ப்பான். விரிந்த பேட், கைப்பிடி ஆடுகிற பேட், ராசிபுரத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் எல்லாம் அங்கேதான் வரும். விரிசலைக் கத்தி முனையால் சுத்தம் செய்து, அடுப்பில் காய்ச்சிய வச்சிரப் பசையைச் சூடாக உள்ளே இறக்கி, நூல் சுற்றிக் கட்டி, உத்தரத்தில் தொங்க விடுவான். நாலு நாளைக்கு யாரும் தொடக்கூடாது. காய்ந்த பிறகு மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பதமாக்குவான். "வெயில்ல வெக்காதீங்க, ஈரத்துல வெக்காதீங்க. எண்ணெய் துணியில ரெண்டு சொட்டு நனைச்சுத் தடவுனாப் போதுமுங்க" என்று ஒவ்வொருவனுக்கும் சொல்லி அனுப்புவான். இத்தனை வருடத்தில் தேறாது என்று அவன் கைவிட்ட பேட் ஒன்றே ஒன்றுதான்.

என் பேட்டும் அங்கே தொங்குகிறது. தை மாதம் கொடுத்தது. கேட்டால் "பாக்கலாமுங்க" என்கிறான்.

அவன் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதே வஞ்சத்தால்தான். பதினைந்து வருடத்துக்கு முன்பு எங்கள் டீமுக்கு அன்பழகன் கேப்டன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. சென்றாயனின் அப்பாவும் அம்மாவும் அவர்கள் காட்டில்தான் கூலிக்குப் போனார்கள். ஒரு கோடை முழுக்கக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிச் சென்றாயன் ஒரு பேட் வாங்கினான். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டான். அன்பழகன் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? இறுதி ஆட்டத்தில் அன்பழகன் அதை வாங்கி ஆடினான். காலடியில் வந்த பந்து ஒன்றை ஓங்கித் தடுத்ததில் பேட்டின் அடிப்பக்கம் விரிந்தது. ஆனாலும் ஜெயித்துவிட்டோம். பரிசு ஒரு கிடாய்.

அன்றே அறுத்து, மைதானத்து ஓரத்தில் கல் கூட்டிச் சமைத்தோம். பச்சை விறகு, புகைந்ததே தவிர எரியவில்லை. அன்பழகன் அந்த பேட்டை எடுத்துச் சட்டிக்கு அடியில் சொருகினான்.

"விரிஞ்சது விரிஞ்சுபோச்சு. இனி அடுப்புக்குத்தான்டா ஆகும்."

கறி வெந்ததும் முதல் இலையில் சென்றாயனை உட்கார வைத்து அவனே பரிமாறினான். "உன்ற பேட்டுல வெந்த கறி. நல்லாத்தான் இருக்குது, தின்னு" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டு இலையைக் காலி செய்தான்.

அதன்பிறகு அவன் ஆட வரவில்லை. தச்சு வேலைக்குச் சேர்ந்து, முதல் வேலையாக விரிசல் ஒட்டக் கற்றுக்கொண்டான். கற்றதும் என்னைத் தேடி வந்து சொன்னான்: "என்ற பேட்டு அரை நாள் வேலைதானுங்க. கொஞ்சம் வச்சிரம், ஒரு நூல்கண்டு." பேட்டை எரித்ததைக்கூட அவன் பொறுத்திருப்பான். அந்தக் கறியைத் தன்னையே தின்ன வைத்ததைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை. ஒருநாள் அன்பழகன் பேட்டைத் தூக்கிக்கொண்டு தன்னிடம் வருவான் என்று காத்திருந்தான்.

அன்பழகன் ரிக்கோடு சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டான். இந்த வைகாசியில்தான் திரும்பினான். பழைய ஆட்டக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. புதன்கிழமை சாயங்காலம் தன் பேட்டோடு கொட்டகைக்கு வந்தான். என் பேட்டைப் பற்றிக் கேட்க நானும் போயிருந்தேன்.

"பத்து வருசமா இதைத் தவிர வேற பேட்டத் தொட்டதில்ல. எப்படியாச்சும் தேத்திக் குடு, சென்றாயா."

கைப்பிடி சேரும் இடம் நன்றாகவே விரிந்திருந்தது. சென்றாயன் நகத்தால் அழுத்தினான். எண்ணெய் கசிந்தது.

"மழைக்கு ரிக்கு நிக்கறப்ப, துளை போடற பிட்டெல்லாம் ஆயில்லதான போட்டு வெப்போம்? பேட்டையும் அப்படியே கடலை எண்ணெய் டின்னுல நாலு மாசம் நிறுத்தி வெச்சேன்" என்றான் அன்பழகன். இந்தப் பக்கத்து ரிக் வண்டிக்காரனுக்குத்தான் இப்படியொரு யோசனை வரும்.

சென்றாயன் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எண்ணெயை உறிஞ்ச வைக்கும் சாக்பீஸ் தூள் டப்பாவைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து அன்பழகன் என்னிடம் திரும்பி, "நம்ம மைதானத்துல தின்ன கிடாக்கறி ஞாபகம் இருக்குதா? அந்த ருசி அப்புறம் எங்கயுமே கிடைக்கல" என்றான்.

சென்றாயன் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"தேறாதுங்கண்ணா. எண்ணெய் குடிச்ச மரத்துல வச்சிரம் புடிக்காது. விரிஞ்சது விரிஞ்சுபோச்சு. இனி அடுப்புக்குத்தானுங்க ஆகும்."

அன்பழகனுக்குத் தான் அன்று சொன்ன வார்த்தையே ஞாபகமில்லை. முகம் தொங்கிப்போய், பேட்டைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "நீ சொன்னா மறுபேச்சு ஏது? அடுப்புலயே போட்டுரு" என்றான்.

சென்றாயன் ரம்பத்தை எடுத்து பேட்டை நாலு துண்டாக அறுத்தான். வச்சிரச் சட்டியை இறக்கிவிட்டு, துண்டுகளை அடுப்பில் வைத்து டீக்குத் தண்ணீர் போட்டான். எண்ணெய் குடித்த மரம், சடசடவென்று எரிந்தது. முதல் டம்ளரை அன்பழகனிடம் நீட்டினான்.

"உங்க பேட்டுல கொதிச்ச டீ. நல்லாத்தான் இருக்குது, குடிங்க."

ஒரு வாய் குடித்த அன்பழகன் நிறுத்திவிட்டான். அடுப்பைப் பார்த்தான், சென்றாயனைப் பார்த்தான். "தேறியிருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தேறியிருக்குமுங்க. ஒரு மாசம் தூளுக்குள்ள வெச்சு எண்ணெய எடுத்து, கைப்பிடி மாத்தியிருந்தா இன்னும் நாலு வருசம் ஆடியிருக்கலாம். ஞாயித்துக்கிழமைக்கு நானே ஒரு பேட்டு குடுத்திருப்பேன். குடிங்கண்ணா, ஆறிப்போயிரும்."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். அன்பழகன் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்து போனான். ஞாயிற்றுக்கிழமை ஆட வரவில்லை.

கொட்டகையை விட்டு அவன் தலை மறைந்ததும் கேட்டேன்: "இப்பவாச்சும் மனசு ஆறுச்சா?"

"அவரு வரைக்கும் ஆறுச்சுங்க" என்றான் சென்றாயன். அவன் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தான்.

உத்தரத்தில் தொங்கிய என் பேட்டைப் பார்த்தேன். "என்னோடது?"

"ரெண்டு தடவை வாங்கித் தின்னீங்கல்ல" என்றான். "பாக்கலாமுங்க."

நான் டீயைக் குடித்தேன்.