மரையில் வைத்த சந்தனம்

பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ராயபுரத்தில் கன்னையனின் கடைசல் பட்டறையில் நூல் சுற்றும் மரக்கட்டைகள் கடைவார்கள். கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுழலும் 'சக்' என்ற இரும்புப் பிடியை மெஷினில் மாட்டுவதற்கு முன், அது ஏறி உட்காரும் தண்டின் திருகுமரையை பிரஷ்ஷால் துடைப்பான் கன்னையன். பிறகு சக்கைக் கையால் திருகி, அது கடைசிவரை போய் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பான். அதன்பிறகுதான் சுவிட்ச்.

"பொண்டாட்டி தலையக்கூட இப்படித் தடவியிருக்க மாட்டே மாப்ள!" என்பான் கூட்டாளி கிட்டுசாமி.

1988 ஆயுத பூஜை. சக்கைக் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்திருந்தார்கள். மனைவி மயிலாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். வெறுமனே நின்ற தண்டின் மரையிலும் சந்தனத்தை அள்ளி அப்பினாள்.

மறுநாள் கன்னையன் பிரஷ்ஷை எடுத்ததும் அவள் பதறினாள்.

"ஏனுங்க, வெச்ச பொட்ட அழிப்பாங்களா? இன்னிக்கு ஒருநா இருந்துட்டுப் போகட்டுமுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. அவன் பிரஷ்ஷை வைத்துவிட்டான். காய்ந்த சந்தனத்தின் மேலேயே சக்கைத் திருகினான். பாதியிலேயே இறுகி நின்றது. இறுகிவிட்டதே, போதும் என்று நினைத்தான். ஐயோ, அந்த நினைப்பு!

சுழன்ற வேகத்தில் சந்தனம் பொடிந்தது. சக் தள்ளாடியது. பதறி பிரேக்கை மிதித்தான். தண்டு நின்றது, சக் நிற்கவில்லை. கழன்று பறந்து முகத்தில் அடித்தது.

வலது கண் போயிற்று.

"மரையெல்லாம் சந்தனம் மாப்ள" என்று ஆஸ்பத்திரியில் கிசுகிசுத்தான் கிட்டுசாமி.

கன்னையன் அவன் கையை இறுகப் பற்றினான். "மயிலாளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உசுர வெச்சிருக்க மாட்டா."

அவளிடம், "நாந்தான் புள்ள சரியா மாட்டாம உட்டுட்டேன்" என்றான். அவள் நம்பினாள்.

பட்டறை கைமாறியது. அவன் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆனான். அவள் பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்ற கால்வலியெல்லாம் வீட்டுக்கு வந்ததும் வார்த்தையாகும். வருவோர் போவோரிடமெல்லாம் அவன் அசட்டையைப் பற்றிய பேச்சுத்தான்.

சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டுசாமி வந்திருந்தான். அவன் எதிரிலும் ஆரம்பித்தாள்.

"ஊட்டு நெனப்பு இருந்திருந்தா சக்க அப்படி மாட்டியிருப்பாருங்களா? இவரு அசால்ட்டுக்கு நானும் எம்புள்ளைகளும் சீரழியறோம்."

கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை. "அம்மிணி, நீ பேசறது நாயமில்ல. அன்னிக்கு நெசமா என்ன நடந்துச்சுன்னா..."

"கிட்டு!" கன்னையன் அதட்டினான். "காப்பி ஆறுது. குடி."

கிட்டுசாமி டம்ளரை எடுத்துக் குடித்தான்.

"அவர எதுக்குங்க அதட்டறீங்க? நாஞ் சொன்னது பொய்யா?"

"இல்ல புள்ள. எம்மேலதான் தப்பு" என்றான் கன்னையன். மிச்சமிருந்த ஒற்றைக் கண் நிறைந்து வழிந்தது. அவள் பார்ப்பதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.