அதிர்ஷ்டக் கண்

ஸ்வீடனில் நான் வேலை பார்க்கும் இடத்தில் காலை பத்து மணிக்கு ராத்திரி வரும். சுண்டெலிகளுக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு, ஆராய்ச்சியாளர்களுக்குப் பகலில்தான் சம்பளம். ஆகவே எலிகளின் பொழுதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பத்தானதும் விளக்குகள் தாமாக அணைந்து, மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். எலிக் கண்ணுக்கு அது எட்டாதாம். அந்த வெளிச்சத்தில் கூண்டு கூண்டாக மரத்தூள் மாற்றுவது என் உத்தியோகம். கும்மிடிப்பூண்டி வீட்டில் மசால்வடை வைத்து எலிப்பொறி போட்டவன், இங்கே எலிக்குப் படுக்கை விரிக்கிறேன். ஊரில் கேட்பவர்களிடம் 'ரிசர்ச்' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆராய்ச்சி கண்ணைப் பற்றியது என்று தோன்றும். உண்மையில் மூளையைப் பற்றியது. குட்டி எலி கண் திறந்து சில வாரங்களுக்குள் அதன் ஒரு கண்ணை மட்டும் சில நாள் மூடிவைக்கிறார்கள். பிறகு திறந்தால் கண்ணில் ஒரு பழுதும் இராது. ஆனால் மூளையோ அதற்குள் அந்தக் கண்ணின் இடத்தை மறு கண்ணுக்குப் பட்டா மாற்றிக் கொடுத்திருக்கும். எந்தத் தாலுகா ஆபீசிலும் இவ்வளவு வேகமாக வேலை நடந்து நான் பார்த்ததில்லை. வளர்ந்த எலியின் கண்ணை அதே போல மூடினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு வயது இருக்கிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் என் மேலதிகாரி இங்க்ரிட். நான் வந்த இரண்டாம் வருஷம், என்னை இந்தப் பிரிவுக்கு மாற்றியபோது. "மாறுகண் குழந்தைகளுக்கும் இதே கதைதான். இரண்டு கண்ணும் இரண்டு படம் காட்டினால், மூளை ஒன்றைத் தள்ளிவிடும்" என்றார். எங்கள் ஊரில் லேசான மாறுகண் அதிர்ஷ்டம், என் மகளுக்கும் அது இருக்கிறது என்றேன். இங்க்ரிட் விழுந்து விழுந்து சிரித்தார். என் நகைச்சுவைக்கு அவர் சிரித்த ஒரே நாள் அது. நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

மகள் தேவிக்கு மூன்று வயதில் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியில் நான் அப்போதும் எலிக்கூண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மாதம் எனக்கு விசா வந்தது. போதாதா? இரும்பு ஆலையில் வேலை செய்யும் என் மனைவியின் அண்ணன் முனுசாமி தீர்ப்பே எழுதிவிட்டார்: "அது லக்கு கண்ணு மாப்ள. அது திரும்பிச்சி, உனுக்கு ஏரோப்ளேன் திரும்பிச்சி. கட்டு, கண்ணாடின்னு போட்டு கெடுத்துடாத." நான் நாலு புத்தகம் படித்தவன். மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து கூட்டங்களில் கைதட்டல் வாங்கியவன். சிரித்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

இங்க்ரிட் சொன்னபோது தேவிக்கு ஐந்து வயது. அந்த வாரமே என் மனைவி கஸ்தூரியும் போனில் கேட்டாள். தையல் கம்பெனியில் ஷிப்டு முடித்துவந்த களைப்போடு, "இன்னாங்க, டிவிய ஒரு பக்கமா சாஞ்சிக்கினு பாக்குறா. மெட்ராஸ்ல ஒரு தபா காட்டிக்கினு வந்துடட்டா?" என்றாள். அப்போது இங்கே என் நிரந்தர வசிப்பு விண்ணப்பத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். "பேப்பர் வரட்டும், நானே வந்து காட்டறேன்" என்றேன். எதற்கு பேப்பர் வர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. என்னையே நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்: முனுசாமி சொன்னது ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்?

பேப்பர் வந்தபோது தேவிக்கு ஒன்பது. சென்னை டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். ஒரு வருஷம் நல்ல கண்ணை மூடிக் கட்டுப் போட்டுப் பார்த்தோம். இடது கண்ணுக்கு மூளை திருப்பிக் கொடுத்தது சொற்பம்.

இப்போது அவளுக்குப் பதினைந்து. போன வாரம், எலி அறைக்கு முன்னால் உடை மாற்றும் சின்ன அறையில் வெள்ளை அங்கியோடு நான் நின்றிருந்தபோது, வீடியோவில் வந்தாள். அங்கே மதியம் இரண்டரை, பரீட்சை விடுமுறை.

"நைனா, ஸ்கூல்ல சயின்ஸ் மிஸ் பூனைக்குட்டிக் கண்ண மூடுற எக்ஸ்பரிமென்ட் சொன்னாங்க. நீ செய்யறதும் அதானே?"

"அதே மாதிரிதான்."

"அப்ப என் கண்ணு விஷயம் உனுக்கு எப்பத் தெரியும்?"

இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பொய் தயாராகத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, "உனக்கு அஞ்சு வயசுல" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "இப்ப நீ ஒரு வெள்ளை மூட்டையாட்டம் தெரியற" என்றாள்.

"கையை எடும்மா."

"இருக்கட்டும். இப்டியே பேசு. அஞ்சு வயசுலேந்து இந்தக் கண்ணுக்கு நீ இப்டித்தான்."

எலி அறையின் விளக்கும் இந்த அறையின் விளக்கும் ஒரே டைமரில் ஓடுகின்றன. மணி பத்தானது. விளக்குகள் அணைந்தன, போன் மூலையில் தெரிந்த என் முகமும் இருட்டில் கரைந்தது. பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், எலிகள் விழித்து மரத்தூளைப் பறிக்கும் சத்தம். முன்னால், கைக்குள் அடங்கும் சதுரத்தில், கும்மிடிப்பூண்டி வெயில்.

தேவி கையை எடுத்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இப்ப ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரிதான் தெரியற நைனா" என்றாள்.